நான்காவது முறை அதே கதவைத் தட்டும்போது: தொடர் சர்வே நடத்துபவர்களுக்கு ஒரு முழு வழிகாட்டி

ஒரே குடும்பத்தைப் பல வருடங்கள் பின்தொடரும் சர்வேயில் ஒரு பெரிய லாபம் உண்டு. யார் வறுமையிலிருந்து மேலே வந்தார்கள், யார் கீழே விழுந்தார்கள் என்பதை வீடுவாரியாகப் பார்த்துவிடலாம். ஒவ்வொரு முறையும் புது ஆட்களைக் கேட்கும் சர்வேயில் இது முடியாது. ஆனால் நான்காவது முறை பேட்டிக்கு உட்காருபவருக்கு உங்கள் கேள்விகள் ஏற்கெனவே தெரியும். எந்தப் பதிலைச் சொன்னால் பின்னால் எத்தனை கேள்வி வரும் என்பதும் தெரியும். சில சமயம், நீங்கள் கேட்டுவிட்டுப் போனதாலேயே வீட்டில் ஏதோ ஒரு பழக்கத்தை மாற்றியிருப்பார்.

ஒரே ஆட்களைத் திரும்பத் திரும்பக் கேட்பதைப் பேனல் முறை என்பார்கள். அந்த முறை பிறந்தபோதே இந்தச் சந்தேகமும் வந்துவிட்டது. 1940 அமெரிக்க அதிபர் தேர்தலின்போது ஓஹையோ மாநிலத்தின் ஈரி கவுண்டியில் சமூகவியலாளர் பால் லாசர்ஸ்ஃபெல்டு குழுவினர் 600 பேரை மே முதல் நவம்பர் வரை திரும்பத் திரும்பப் பேட்டி கண்டார்கள். ரூஸ்வெல்ட்டா, வில்கியா என்று மனம் எப்போது முடிவுக்கு வருகிறது என்று பார்ப்பதுதான் நோக்கம். இத்தனை முறை கேட்டதாலேயே இவர்கள் மாறிவிட்டார்களோ என்ற கேள்வி அவர்களுக்கும் எழுந்தது. அதனால் தலா 600 பேர் கொண்ட வேறு குழுக்களை வைத்துக்கொண்டு, அவர்களிடம் இடையில் ஒருமுறை மட்டும் மறுபடி போய் ஒப்பிட்டார்கள். எண்பது வருடம் கழித்தும் இதைவிடச் சுத்தமான வழி வந்துவிடவில்லை என்பது என் கருத்து.

பேனல் சர்வே தொடங்கப்போகும் ஆய்வு மாணவர்களையும், தொண்டு நிறுவனங்களில் தரவு பார்ப்பவர்களையும், அடுத்தவர் திரட்டிய தரவை வைத்துக் கட்டுரை எழுதுபவர்களையும் மனதில் வைத்து இதை எழுதுகிறேன். சூத்திரம் எதுவும் வராது. கூட்டல் கழித்தல் தெரிந்தால் போதும்.

படி 1: ஆள் மாறினாரா, பதில் மாறியதா?

இரண்டும் வேறு வேறு நோய். மருந்தும் வேறு.

ஆளே மாறுவதற்கு நல்ல உதாரணம் கென்யாவில் இருக்கிறது. 2011-ல் வெளியான ஓர் ஆய்வில், குழந்தைகளுக்கு வயிற்றுப்போக்கு உண்டா என்று சில குடும்பங்களிடம் அடிக்கடியும், சிலரிடம் எப்போதாவதும் கேட்டார்கள். யாரை எந்தப் பக்கம் போடுவது என்பதைக் குலுக்கல் முறையில் முடிவு செய்தார்கள். அடிக்கடி கேட்கப்பட்ட வீடுகளில் குடிநீரில் குளோரின் கலப்பது கூடியது. யாரும் குளோரின் போடச் சொல்லவில்லை, வெறுமனே கேட்டார்கள், அவ்வளவுதான். விளைவு அதோடு நிற்கவில்லை. ஊற்றுநீரைப் பாதுகாத்தால் நோய் எவ்வளவு குறையும் என்பதே அங்கே மூல ஆய்வு. அடிக்கடி கேட்டதால் அந்தக் கணக்கே பிசகிவிட்டது. சர்வேயே ஒரு சிகிச்சைபோல வேலை செய்தால், உண்மையான சிகிச்சையின் பலனை எப்படித் தனியாக அளப்பது?

அதே ஆய்வின் இன்னொரு பகுதியில், பிலிப்பைன்ஸில் உடல்நலம் பற்றிக் கேட்கப்பட்டவர்கள் மருத்துவக் காப்பீட்டில் கூடுதலாகச் சேர்ந்தார்கள். ஆனால் குறுங்கடன் தொடர்பான இரண்டு சோதனைகளில் எந்த மாற்றமும் தெரியவில்லை. இதைக் கவனியுங்கள். எல்லாக் கேள்வியும் ஆளை மாற்றாது. கவனத்தின் ஓரத்தில் கிடக்கும் விஷயத்தைக் கேள்வி நடுவே இழுத்து வைத்தால்தான் மாற்றம் வரும். கடன் வாங்கியவருக்குக் கடன் எப்போதும் ஞாபகத்தில் இருக்கும், அதை நாம் போய் நினைவூட்ட வேண்டியதில்லை. தண்ணீரில் மருந்து கலப்பது அப்படியல்ல.

திசையையும் முன்கூட்டியே ஊகித்துவிட முடியாது. நெதர்லாந்தில் லிஸ் என்ற பேனல் சர்வேயில் சிலரிடம் ஓய்வுக்காலத் தேவைகளைப் பற்றி விரிவாகக் கேட்டுவிட்டு, பிறகு அரசுப் பதிவேட்டில் அவர்கள் சேமிப்பைப் பார்த்தார்கள். கூடியிருக்கும் என்றுதானே நினைப்போம்? குறைந்திருந்தது. உட்கார்ந்து கணக்குப் போட்டதும், ஏற்கெனவே போதுமான அளவு இருக்கிறது என்று தோன்றியிருக்கலாம். அங்கே ஓய்வூதியம் வலுவானது.

பதில் மட்டும் மாறுவது இன்னொரு வகை. வாழ்க்கை அப்படியே இருக்கும், சொல்லும் விதம் மாறும். இதுதான் நம் களத்தில் அதிகம், எனவே அடுத்த படியில் கொஞ்சம் நின்று பார்ப்போம்.

படி 2: கேள்வித்தாளைப் பதில் சொல்பவரின் இடத்திலிருந்து படியுங்கள்

“வீட்டில் ஆடு, மாடு, கோழி ஏதாவது வளர்க்கிறீர்களா?” ஆமாம் என்றால் பின்னால் ஒரு வரிசையே நிற்கும்: எத்தனை, எப்போது வாங்கியது, என்ன விலை, தீவனச் செலவு எவ்வளவு, பால் எத்தனை லிட்டர், சொசைட்டிக்கு ஊற்றுகிறீர்களா வெளியில் விற்கிறீர்களா. முதல் முறை அந்த அம்மா எல்லாவற்றுக்கும் பொறுமையாகப் பதில் சொல்வார். இரண்டாவது முறை கொஞ்சம் நெளிவார். மூன்றாவது முறை, “நாலு கோழி கிடக்கு, அதெல்லாம் ஒரு கணக்கா தம்பி? இல்லைன்னே போட்டுக்கங்க” என்பார். களப்பணியாளருக்கும் இன்னும் மூன்று வீடு பாக்கி. “சரிங்கம்மா” என்று டேப்லெட்டில் ‘இல்லை’யைத் தட்டிவிடுவார். தரவில் அது கால்நடையை இழந்த வீடு. ஆறு மாதம் கழித்து யாரோ ஒருவர் வறட்சியால் கால்நடை குறைந்தது என்று அட்டவணை போடுவார்.

இதில் யாரும் கெட்டவர் இல்லை. கேள்வித்தாள்தான் ‘இல்லை’ என்று சொல்லக் கற்றுக்கொடுத்தது.

ஆகவே கேள்வித்தாளை எடுத்து, ‘ஆமாம்’ என்றால் தொடர்கேள்வி வரும் ஒவ்வொரு கேள்வியையும் சிவப்பு மையில் வட்டமிடுங்கள். ஒவ்வொன்றின் பக்கத்திலும் எத்தனை தொடர்கேள்வி என்று எழுதுங்கள். பெரிய எண் எங்கே இருக்கிறதோ அங்கேதான் அடுத்த சுற்றில் தரவு கசியும். மூன்று வைத்தியம் உண்டு. முதலாவது, ஆமாம்–இல்லைக் கேள்விகளை எல்லாம் முன்னால் கேட்டு முடித்துவிட்டு, தொடர்கேள்விகளைப் பின்னால் தள்ளுவது. முதல் சுற்றில் இது நன்றாகவே வேலை செய்யும், ஆனால் இந்த வரிசையும் சீக்கிரமே பழகிவிடும். இரண்டாவது, ‘இல்லை’ என்பவருக்கும் ஏறக்குறைய அதே அளவு கேள்வி வைப்பது. மூன்றாவது, தொடர்கேள்விகளையே வெட்டுவது. மூன்றாவதைத்தான் முதலில் முயன்று பாருங்கள் என்பேன். பாதிக் கேள்விகளை யாரும் பகுப்பாய்வு செய்யப்போவதில்லை என்று நமக்கே தெரியும்.

தொடர்கேள்விகள் தவிர இன்னும் சில இடங்களைப் பார்க்க வேண்டும். பொது அறிவுக் கேள்விகள் (உங்கள் தொகுதி எம்எல்ஏ யார், இந்தத் திட்டத்தில் எவ்வளவு தருகிறார்கள்) இரண்டாம் முறைக்கு உதவாது. நீங்கள் கிளம்பியதும் பக்கத்து வீட்டில் கேட்டுத் தெரிந்துகொண்டிருப்பார்கள். கருத்துக் கேள்விகளில் ‘தெரியாது’ என்ற பதில் சுற்றுக்குச் சுற்றுக் குறையும். எதிர்பாராமல் கேட்கப்பட்டவர் நடுவில் யோசித்து ஒரு முடிவுக்கு வந்திருப்பார்.

குடி, கடன், வீட்டுச் சண்டை போன்றவை இரண்டு பக்கமும் சாயும். பழக்கத்தில் நம்பிக்கை வந்து மனம் திறப்பவர்கள் உண்டு. போன தடவை தேவையில்லாமல் சொல்லிவிட்டோமே என்று வாயைப் பூட்டுபவர்களும் உண்டு. வெளிநாட்டு இளைஞர் பேனல்களில் போதைப் பொருளை எப்போதாவது பயன்படுத்தியதுண்டு என்று ஒரு சுற்றில் சொன்னவர்கள் சிலர், அடுத்த சுற்றில் வாழ்நாளிலேயே தொட்டதில்லை என்றிருக்கிறார்கள். இப்படிப்பட்ட பின்வாங்கலைக் கண்டுபிடிப்பது சுலபம். ‘எப்போதாவது’ என்று கேட்கும் கேள்விகளில் ஆமாம் என்பது இல்லை என்று மாறவே முடியாது. உங்கள் தரவில் எத்தனை பேர் அப்படி மாறினார்கள் என்று எண்ணிப் பாருங்கள், செலவில்லாத சோதனை.

படி 3: மாதிரியில் புது ஆட்களுக்கு இடம் வையுங்கள்

பழைய ஆட்களை மட்டும் வைத்துக்கொண்டிருந்தால், திரும்பத் திரும்பக் கேட்பதால் வரும் பழக்கத்தின் பாதிப்பை ஒருநாளும் கண்டுபிடிக்க முடியாது. ஒப்பிட ஆள் வேண்டும்.

பெரிய அரசு சர்வேக்கள் இதைச் சுழற்சி முறையில் செய்கின்றன. அமெரிக்காவின் மாதாந்திர வேலைவாய்ப்பு சர்வேயான சிபிஎஸ்ஸில் ஒரு வீட்டை நான்கு மாதம் தொடர்ந்து கேட்பார்கள், எட்டு மாதம் விட்டுவிடுவார்கள், மறுபடி நான்கு மாதம் கேட்பார்கள். ஆக எந்த மாதத்தை எடுத்தாலும் முதல் முறை பேசுபவர் முதல் எட்டாவது முறை பேசுபவர் வரை எல்லா வகையும் அதில் இருக்கும். இந்திய அரசின் வேலைவாய்ப்பு சர்வேயான பிஎல்எஃப்எஸ் 2017-ல் தொடங்கியபோது நகர்ப்புற வீடுகளுக்கு ஒரு முதல் வருகையும், காலாண்டுக்கு ஒன்றாக மூன்று மறுவருகையும் என்று வைத்தார்கள். 2025 ஜனவரி முதல் கிராமம், நகரம் இரண்டிலும் நான்கு மாதம் தொடர்ந்து நான்கு வருகை என்று மாற்றிவிட்டார்கள். இடைவெளி குறைந்தால் ஞாபகம் கூடும். எனவே பழைய தரவில் பழக்கத்தின் பாதிப்பு எவ்வளவு இருந்ததோ, புதியதிலும் அதே அளவுதான் இருக்கும் என்று எடுத்துக்கொள்ளக் கூடாது.

உங்களிடம் சில நூறு வீடுகள்தான் இருக்கின்றன என்றால் இவ்வளவு சிக்கலான சுழற்சி தேவையில்லை. இரண்டில் ஒன்றைச் செய்யுங்கள். தொடக்கத்திலேயே ஐந்தில் ஒரு பங்கு வீடுகளைக் குலுக்கி எடுத்து ஒதுக்கி வைத்து, அவர்களிடம் முதல் சுற்றிலும் கடைசிச் சுற்றிலும் மட்டும் போகலாம். இல்லையென்றால், ஒவ்வொரு சுற்றிலும் அதே ஊர்களில் அதே பட்டியலிலிருந்து கொஞ்சம் புது வீடுகளைச் சேர்க்கலாம். பட்டியல் அதேதான் என்பது முக்கியம். பழைய வீடுகளை வாக்காளர் பட்டியலிலும், புதியவற்றை அங்கன்வாடிப் பதிவேட்டிலும் எடுத்தால் பிறகு எதையும் ஒப்பிட முடியாது.

பணம் தருபவர்கள் “ஒன்றிரண்டு முறை மட்டும் கேட்கப்போகிற வீட்டுக்கு எதற்குச் செலவு?” என்று கேட்பார்கள். கென்யாக் கதையைச் சொல்லுங்கள்.

படி 4: ஊரை விட்டுப் போனவர்களைக் கணக்கில் தனியாகப் பிரியுங்கள்

இங்கேதான் பெரும்பாலான கட்டுரைகள் சறுக்குகின்றன. நான்காவது சுற்றில் இருப்பவர்கள் முதல் சுற்றின் எல்லோரும் அல்ல. வேலை தேடித் திருப்பூருக்குப் போனவர், வாடகை வீடு மாறியவர், “இனிமேல் வராதீங்க” என்று கதவைச் சாத்தியவர் எல்லாம் கழிந்துபோக மிஞ்சியவர்கள். இவர்களைப் புது ஆட்களோடு நேரடியாக ஒப்பிட்டால், பழக்கத்தால் வந்த வேறுபாடும் ஆள் கழிந்ததால் வந்த வேறுபாடும் ஒன்றாகக் கலந்துவிடும்.

ஒரு கற்பனைக் கணக்கு போடுவோம். ஒரே மாதத்தில் எடுத்த பதில்கள் இவை. புதிதாகச் சேர்ந்த வீடுகளில் வேலையில்லை என்றவர்கள் 9 சதவீதம், நான்காவது முறை கேட்கப்பட்ட வீடுகளில் 7 சதவீதம். வித்தியாசம் 2. உடனே பேட்டியின் பாதிப்பு 2 புள்ளி என்று எழுதிவிடாதீர்கள். கொஞ்ச நாள் பொறுங்கள். புதிய வீடுகளும் தங்கள் நான்காவது சுற்றை முடிக்கட்டும். முடித்த பிறகு, கடைசி வரை நிலைத்து நின்ற வீடுகளை மட்டும் பிரித்தெடுத்து, அவர்கள் அந்த முதல் மாதத்தில் என்ன சொன்னார்கள் என்று திரும்பிப் பாருங்கள். அது 8 சதவீதம் என்று வைத்துக்கொள்வோம். இப்போது கணக்கு தெளிவு: 9-க்கும் 8-க்கும் நடுவில் உள்ள 1 புள்ளி ஆள் கழிந்ததால் வந்தது, 8-க்கும் 7-க்கும் நடுவில் உள்ள 1 புள்ளிதான் பழக்கத்தால் வந்தது. கடைசியில் ஒப்பிட்ட இரண்டு கூட்டமும் நிலைத்து நிற்கும் ரகம், மாதமும் ஒன்று, ஊரும் ஒன்று. எத்தனை முறை கேட்கப்பட்டார்கள் என்பது மட்டுமே வேறு.

பொறுமை வேண்டும், அவ்வளவுதான். விட்டுப்போனவர்களை ஈடுகட்ட, அவர்களைப் போன்றவர்களின் பதிலுக்குக் கூடுதல் எடை கொடுத்துச் சரிக்கட்டுவதைவிட எனக்கு இதில் நம்பிக்கை அதிகம். எடை போடும்போது வயது, கல்வி, சாதி, வருமானம் என்று நமக்குத் தெரிந்த காரணங்களைத்தான் சேர்க்க முடியும். வீடு மாறியவர் வேலை போனதால்தான் மாறினார் என்றால் அந்த எடையில் அது வராது.

படி 5: களத்தில் கவனிக்க வேண்டியவை

களப்பணியாளரும் பழகிப்போகிறார். ஆறாவது சுற்றில் அவருக்கும் எங்கே ‘இல்லை’ தட்டினால் சீக்கிரம் முடியும் என்பது அத்துப்படி. டேப்லெட்டில் பதிவாகும் நேரத்தைப் பாருங்கள். சுற்றுக்குச் சுற்று பேட்டி நேரம் குறைவது இயல்புதான். ஆனால் ஒரே ஒருவரின் பேட்டிகளில் மட்டும் ‘ஆமாம்’ மளமளவென்று குறைந்தால், அவரோடு ஒருநாள் கூடவே போய்வாருங்கள். திட்டுவதற்காக அல்ல, எந்தக் கேள்வி அவரைப் படுத்துகிறது என்று தெரிந்துகொள்ள.

போன முறை சொன்ன பதிலைத் திரையில் காட்டிக் கேட்கலாமா? “போன தடவை கட்டட வேலை என்று சொன்னீர்கள், இப்போதும் அதுதானா?” தொழில், துறை போன்றவற்றுக்கு இது மிக நல்லது. சிபிஎஸ் 1994-ல் இப்படி மாறியதும், மாதத்துக்கு மாதம் ஆட்கள் தொழில் மாற்றுவதுபோலத் தெரிந்த பொய்த் தாவல் பெருமளவு அடங்கிவிட்டது. ஆனால் வருமானம், கடன், திருப்தி ஆகியவற்றில் இதைச் செய்யாதீர்கள். “ஆமா, அதேதான்” என்று தலையாட்டுவதைவிடச் சுலபமான பதில் உலகத்தில் இல்லை.

கால எல்லையும் ஒரு விஷயம். “கடந்த ஆறு மாதத்தில்” என்று முதல் முறை கேட்டால், எட்டு மாதத்துக்கு முன் நடந்ததையும் உள்ளே இழுத்துச் சொல்வார்கள். 1964-ல் நெட்டர், வாக்ஸ்பெர்க் என்ற புள்ளியியலாளர்கள் இருவரும் வீட்டுப் பழுதுபார்ப்புச் செலவை வைத்து இதைக் காட்டினார்கள். முந்தைய பேட்டியையே எல்லையாக வைத்து, அதில் சொன்னதைக் கழித்துவிட்டால் இந்த மிகை போய்விடும். அமெரிக்காவின் குற்றப் பாதிப்பு சர்வேயில் ஆறு மாதத்துக்கு ஒருமுறையாக ஏழு பேட்டிகள். அதில் முதல் பேட்டியை நீண்ட காலம் கணக்கிலேயே சேர்க்காமல், எல்லைக்கல்லாக மட்டும் வைத்திருந்தார்கள். ஆனால் அதே சர்வேயில், பேட்டி எண்ணிக்கை ஏற ஏறச் சொல்லப்படும் குற்றங்கள் குறைவதும் தெரிந்தது. முதல் பேட்டியில் மிகை, கடைசிப் பேட்டிகளில் குறை.

பதில் சொல்பவர்களைத் தக்கவைக்க என்ன செய்கிறோம் என்பதிலும் கவனம் தேவை. 1946 மார்ச்சில் ஒரே வாரத்தில் பிறந்த 5,362 பேரைப் பின்தொடரும் பிரிட்டன் ஆய்வில் பிறந்தநாள் வாழ்த்து அட்டை அனுப்பும் வழக்கம் உண்டு. அன்பு காட்டினால் ஆள் நிற்பார், கருத்தும் மாறாது. ஆய்வு முடிவுகளை அனுப்புவது வேறு. “உங்கள் ஊரில் பெண்கள் இரத்தசோகையால் பாதிக்கப்படுகிறார்கள்” என்று துண்டுச் சீட்டுக் கொடுத்துவிட்டு, அடுத்த சுற்றில் கீரை எத்தனை நாள் சாப்பிட்டீர்கள் என்று கேட்டால் என்ன பதில் வரும் என்பது தெரிந்ததே. உடல் பரிசோதனையில் இரத்த அழுத்தம் ஏகத்துக்கு எகிறி நின்றால் மட்டும் இந்த யோசனையெல்லாம் வேண்டாம். சொல்லிவிடுங்கள், ஆஸ்பத்திரிக்கு அனுப்புங்கள், அனுப்பியதைத் தரவில் குறித்து வையுங்கள்.

படி 6: எந்தப் பதில் சரி என்று அவசரமாக முடிவு கட்டாதீர்கள்

பழகியவர் பதில் கெட்டது, புதியவர் பதில் சுத்தம் என்று நினைப்பது சுலபம். ஆனால் முதல் முறை பேட்டிக்கு உட்காருபவருக்குக் கேள்வியே பாதி புரியாது. வருமானம் கேட்டால் கூலியை மட்டும் சொல்வார், வாடகையும் பென்ஷனும் விட்டுப்போகும். அடுத்த முறை பாஸ்புக்கையும் ரேஷன் கார்டையும் எடுத்து வைத்துக் காத்திருப்பார். பிரிட்டனின் வீட்டு பேனல்களை ஆராய்ந்தவர்கள், சுற்று கூடக் கூட வருமானத் தரவு மேம்படுவதைக் கண்டிருக்கிறார்கள்.

சிபிஎஸ் இதைவிடச் சங்கடமான கேள்வியை எழுப்புகிறது. முதல் மாதம் கேட்கப்படுபவர்களிடம் வேலையின்மை அதிகமாக வருவதைப் புள்ளியியலாளர் பார்பரா பைலர் 1975-லேயே எழுதினார். 2014-ன் முதல் பாதியில் முதல் மாதக் குழுவில் வேலையின்மை விகிதம் 7.5 சதவீதம், எட்டாவது மாதக் குழுவில் 6.1 சதவீதம். நாடு முழுவதும் பேசப்படும் ஓர் எண்ணில் இவ்வளவு இடைவெளி! பொருளியலாளர் ஆலன் க்ரூகரும் சக ஆய்வாளர்களும் இதை ஆராய்ந்து, 1994-க்குப் பிறகு இந்த இடைவெளி கூடியிருப்பதைக் காட்டினார்கள். எது உண்மை என்பதற்கு இந்த இரண்டு எண்களுக்குள்ளேயே பதில் கிடைக்காது. வெளியிலிருந்து ஒரு பதிவேடு வேண்டும்: சம்பளப் பட்டியல், வங்கிக் கணக்கு, நூறு நாள் வேலை அட்டை, பால் சொசைட்டி ரசீது. பதில் சொன்னவரின் சம்மதத்தோடு ஐம்பது வீடுகளுக்காவது இப்படி ஒத்துப் பார்த்துவிட்டால், எந்தச் சுற்றுப் பதில் நெருங்கி வருகிறது என்று பிடிபடும்.

அது முடியாவிட்டால் ஒரு விதியை மட்டும் பிடித்துக்கொள்ளுங்கள்: ஒப்பிடும் இரண்டு எண்களிலும் வருகை எண் ஒத்திருக்க வேண்டும். பிஎல்எஃப்எஸ்ஸின் பழைய ஆண்டறிக்கைகள் முதல் வருகைத் தரவை மட்டும் வைத்துப் போடப்பட்டவை. நகர்ப்புறக் காலாண்டு அறிக்கைகளில் மறுவருகையும் கலந்திருக்கும். இரண்டையும் ஒரே வரைபடத்தில் ஒட்டி, வேலையின்மை குறைந்தது, கூடியது என்று செய்தி போடுபவர்களைப் பார்க்கும்போது எனக்குக் கை பரபரக்கும்.

படி 7: தரவை வெளியிடும்போது

தரவு அட்டவணையில் ஒவ்வொரு ஆளின் வரிசையிலும் சில பத்திகள் (column) கட்டாயம் இருக்கட்டும்: இது அவருடைய எத்தனையாவது பேட்டி, முந்தைய பேட்டிக்கும் இதற்கும் எத்தனை நாள் இடைவெளி, பேட்டி கண்டவர் அதே ஆளா வேறு ஆளா (பெயர் வேண்டாம், எண் போதும்), பதில் சொன்னவர் குடும்பத்தில் போன முறை சொன்ன அதே நபரா. கடைசியாகச் சொன்னதைப் பலர் விட்டுவிடுகிறார்கள். போன முறை மாமியார் சொன்னார், இந்த முறை மருமகள் சொன்னார் என்றால் மாறியது குடும்பம் இல்லை.

வீட்டின் வருகை எண்ணையும் ஆளின் வருகை எண்ணையும் தனித்தனிப் பத்தியாக வையுங்கள். கல்யாணமாகி மூன்றாவது சுற்றில் அந்த வீட்டுக்கு வந்த பெண்ணுக்கு வீட்டு எண் 3, அவருடைய எண் 1. இரண்டையும் ஒன்றாகப் போட்டுவிட்டால் பிறகு பிரித்தெடுக்க யாராலும் முடியாது.